மாதிரிக்குப் போட்ட பெயர்

கோப்ரிவ்னா என்கிற ஊரில் செப்டம்பர் கடைசியில் எல்லா முற்றத்திலும் தகர அடுப்பு எரியும். சிவப்புக் குடைமிளகாயைத் தோல் கருகச் சுட்டு, வாளியில் போட்டு மூடி வியர்க்கவிட்டு, விரல் நுனியால் தோலை உரித்து, அரைத்து, எண்ணெயில் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் அடி பிடித்துவிடும். பாட்டிலில் அடைத்து நிலவறையில் அடுக்கிவிட்டால் பனி உருகும்வரை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கவலை இல்லை. ஊரில் பாதி வீடு பூட்டியே கிடக்கும். மூன்று மாடி, வாசலில் இரண்டு சிமென்ட் சிங்கம், உள்ளே ஆள் கிடையாது. ஆட்கள் வியன்னாவில் இருந்தார்கள். அங்கே படிக்கட்டு துடைத்துச் சம்பாதித்து இங்கே மாடி கட்டினார்கள்.

வெர்கா முந்தைய நாள் இரண்டு மூட்டை மிளகாயைச் சுட்டு முடித்திருந்தாள். தோல் உரித்துக் கொடுத்தவன் அவள் புருஷன் ரங்கோ. மறுநாள் காலையில் அவன் மாடியறையில் கணினி முன்னால் உட்கார்ந்தபோதும் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை.

மாடியறை என்பது அவன் அப்பா சோளம் காயப்போட்ட பரண்தான். பலகை அடித்து, ஒரு விறகடுப்பு வைத்திருந்தான். அங்கிருந்து முப்பது சொச்சம் இணையதளங்களை ஒற்றை ஆளாகக் கட்டி நடத்தினான். பல் வைத்தியர், டயர் கடை, ஆற்றோர விடுதி, கால்பந்துக் கிளப். பிளம் சாராயம் காய்ச்சுகிற பங்காளிகள் இரண்டு பேர், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காதவர்கள், ஆளுக்கொரு தளம். நீஷ் நகரத்தில் பொறியியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தவன் ரங்கோ. வேலையில் பாதி, வேலையே கிடையாது. டயர் கடைக்காரன் படங்களைத் தலைகீழாக அனுப்புவான். கிளப் செயலாளர் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, ரங்கோ கட்டிய சைட் கெட்டுவிட்டது என்று மளிகைக் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். பல் வைத்தியருக்குத் தன் படத்தில் முடி இன்னும் கொஞ்சம் வேண்டும்.

ஊர் மெச்சிய தளம் ஒன்றுதான். அது ஸ்டொயாடினுடையது. ஸ்டொயாடின் சவப்பெட்டி, மலர்வளையம், மெழுகுவத்தி விற்கிறவர். யார் செத்தாலும் கறுப்புக் கரை போட்ட தாளை அச்சடித்து வீட்டு வாசலிலும் மின்கம்பத்திலும் ஒட்டுகிறவரும் அவர்தான். நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறாம் மாதத்துக்கு ஒரு தாள். ஆனால் வியன்னாவில் இருக்கிறவர்கள் கம்பத்தை எங்கே போய்ப் பார்ப்பது? ரங்கோ அந்தத் தாளை இணையத்துக்குக் கொண்டுவந்தான். ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பதிந்துவைத்தால், அந்த ஊரில் விழுந்த சாவு காலையில் கைபேசிக்கு வந்து நிற்கும். படிக்கட்டு துடைக்கிறவளும் லாரி ஓட்டுகிறவனும் பல் துலக்குமுன் அதைத்தான் பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவார்கள்.

வெர்கா ரொட்டிக் கடையில் காலை வேலை. மாவு படிந்த ஏப்ரனைக் கழற்றாமலே படியேறி வந்தாள்.

"ரங்கோ, ட்ரைலோ மாமா செத்துட்டாராமே?"

"யார் சொன்னா?"

"கடை முழுக்க அதே பேச்சு. தச்சன் பொண்டாட்டி துக்கத்துக்குக் கொண்டுபோக காபிப்பொடியும் சர்க்கரையும் வாங்கிட்டுப் போறா. நேத்து சாயங்காலம் வேலிகிட்ட நின்னு என்கூடப் பேசினாரே அந்த மனுஷன்! தேன் எடுக்க ஆள் வேணும், ரங்கோவ அனுப்புன்னு சொன்னாரு."

"சேதி எங்கருந்து வந்துச்சாம்?"

"உன் சைட்டுலருந்துதான். வேற எங்கருந்து வரும்? வியன்னாலருந்து தச்சன் மச்சினி போன் பண்ணியிருக்கா."

ரங்கோ திறந்து பார்க்கவே தேவையில்லை. தெரிந்துவிட்டது. இருந்தாலும் திறந்தான். கறுப்புக் கரை, மேலே சிலுவை, நடுவில் பக்கத்து வீட்டு ட்ரைலோ பார்புலோவிச். தேனீ வலையை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார். கீழே, எண்பத்தோராம் வயதில், குறுகிய நோய்க்குப் பின், ஆழ்ந்த துயரத்துடன் மகள், மருமகன், பேரன்.

வெர்கா அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"இது அவரு தேன் விக்கிறதுக்கு நீ எடுத்த படமாச்சே."

"ஆமா."

"அப்ப இது?"

"மாதிரிக்குப் போட்டேன். நோட்டீஸோட அமைப்ப மாத்தினேன் நேத்து. நீளமான பேரு போன்ல கட்டத்துக்குள்ள அடங்குதான்னு பாக்கணும். அவரு பேரு நீளம். படமும் தெளிவா இருந்துச்சு."

"உன் பேரப் போட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

தன் பெயரைக் கறுப்புக் கரைக்குள் போட அவனுக்குக் கை வந்திருக்காது. அது இப்போது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும், அதில் சரிபார்த்த பிறகே உண்மையான தளத்தில் கை வைக்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான். அப்படித்தான் செய்வதாக அவன் ஸ்டொயாடினிடம் சொல்லியும் இருந்தான். செய்ததில்லை. நேராக உண்மையான தளத்திலேயே எழுதுவான், பார்ப்பான், அழிப்பான். நேற்றும் எழுதினான். 'சேமி' என்பதற்கும் 'வெளியிடு' என்பதற்கும் அவன் வைத்த பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில் இருந்தன. எதை அழுத்தினான் என்று கவனிக்கவில்லை. கைபேசியில் பார்த்தான், பெயர் கட்டத்துக்குள் அழகாக அடங்கியிருந்தது. அதற்குள் வெர்கா கீழேயிருந்து கூப்பிட்டாள். மிளகாய் உரிக்கப் போய்விட்டான்.

இப்போது அழித்தான். அழித்து என்ன பயன்? காலையிலேயே சேதி எல்லாக் கைபேசிக்கும் போய்விட்டது. தானாகப் போகும்படி அதைச் செய்தவனும் அவன்தான்.

ஸ்டொயாடின் கூப்பிட்டார்.

"டேய், ட்ரைலோவுக்குப் பெட்டி யார் குடுத்தா?"

"யாரும் குடுக்கல அண்ணே."

"பொய் சொல்லாத. பக்கத்து டவுன்காரன் வந்துட்டானா? என் சைட்டுலயே நோட்டீஸ் போட்டுட்டு அவன்கிட்ட பெட்டி வாங்குறானுங்களா? என் ஊருல எனக்குத் தெரியாம ஒருத்தன் செத்துருவானா?"

"அவரு சாகல அண்ணே. என் தப்பு."

"எல்லாரும் என்னைத்தான்டா கேப்பாங்க. பெட்டி விக்க ஆளக் கொல்றான்னு சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வைத்ததும் மறுபடி அடித்தது. ஃப்ளோரிகா. ட்ரைலோவின் ஒரே மகள், வியன்னாவில் படிக்கட்டு துடைக்கிறவள். பின்னால் கார் ஓடுகிற சத்தம்.

"ரங்கோ, ஹங்கேரியில வந்துட்டிருக்கோம். அப்பா போன் அடிச்சிட்டே இருக்கு, யாரும் எடுக்கல. அங்க யாரு இருக்கா? நீங்க இருக்கீங்களா?"

"இருக்கோம் அக்கா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. கஷ்டப்பட்டாரா?"

வாயைத் திறந்தான். சாகவில்லை என்ற ஒரு சொல் போதும். எதிரே வெர்கா சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினாள்.

"இல்லக்கா" என்றான்.

"தூக்கத்துலயா?"

"ம்."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும். நான் இல்லாமப் போயிட்டேன்" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அவள் புருஷன் ஏதோ சொல்ல, தொடர்பு அறுந்தது.

வெர்கா ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

"என்ன சொன்ன நீ?"

"வாயில வரல வெர்கா."

"வரலையா? இல்லக்கான்னு நல்லா வந்துச்சே. தூக்கத்துலயான்னா ம்முன்னு வந்துச்சே. எதுதான் வரல?"

"நீ பேசேன் அவகிட்ட."

"நான் பேச மாட்டேன். கூப்பிடு இப்ப."

கூப்பிட்டான். வேறொரு அழைப்பில் இருந்தாள். மறுபடியும் அதே. அப்பா கஷ்டப்படவில்லையாம் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாள். 

"எந்திரி. முதல்ல அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு" என்றாள் வெர்கா.

வேலிக்கு அந்தப் பக்கம் ட்ரைலோ முற்றத்தில் உட்கார்ந்து பெரிய பாத்திரத்தில் சர்க்கரைப் பாகு கிண்டிக்கொண்டிருந்தார். குளிருக்கு முன் தேனீக்களுக்கு வைக்கிற பாகு. மேசைமேல் காபிப் பொட்டலங்களும் சர்க்கரைப் பைகளும் குவிந்திருந்தன.

"வாடா. எனக்குத் துக்கம் கேட்க வந்தியா? வெறுங்கையோட வந்திருக்க?"

"மாமா..."

"தச்சன் பொண்டாட்டி கேட்டத் திறந்தா, நான் நிக்கிறேன். பைய அப்படியே போட்டுட்டு சிலுவை போட்டுக்கிட்டா. எடுத்துட்டுப் போறேன்னா. துக்கத்துக்குக் கொண்டுவந்தத திருப்பி எடுத்துட்டுப் போனா உன் வீட்டுல சாவு விழும்னேன். ஓடிட்டா. பாரு, தேனீக்குப் பாகு காய்ச்ச ஆச்சு. இன்னும் நாலு பேரு வந்தா குளிர்காலம் ஓடிரும்."

"அது நான் பண்ணது மாமா. சோதிச்சுப் பாக்க உங்க பேரப் போட்டேன். தெரியாம வெளிய போயிருச்சு."

ட்ரைலோ சிரித்தார். பல்லில்லாத பக்கம் தெரியச் சிரித்தார். "ஊருல வேற கிழவனே இல்லையாடா உனக்கு?"

"ஃப்ளோரிகா அக்கா கிளம்பி வந்துட்டிருக்கு."

மரக்கரண்டி நின்றது.

"எங்க வர்றா?"

"ஹங்கேரியில. போன் பண்ணுச்சு. உங்க போன எடுக்கலையாம்."

"அது அலமாரிக்குள்ள கிடக்கும். நீ என்ன சொன்ன?"

"உண்மையச் சொல்ல வரல மாமா. இப்ப கூப்பிட்டா வேற யார்கூடயோ பேசிட்டிருக்கு. மறுபடி கூப்பிடுறேன்."

"கூப்பிடாத."

"மாமா, அது அழுதுட்டு வருது."

"அழட்டும். சொன்னா வண்டியத் திருப்பிருவா. ஈஸ்டருக்கு வர்றேன்னா, வேலை. ஆகஸ்ட்ல வர்றேன்னா, வேலை. வராமலே ரெண்டு வருஷம் போச்சு. இப்ப வர்றா. விடு."

ரங்கோ கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். கிழவர் சொன்னதால் போட்டதாகப் பின்னால் வெர்காவிடம் சொன்னான். அது உண்மையில்லை. கூப்பிடாதே என்ற சொல் அவனுக்கு வசதியாக இருந்தது. யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று வேலியைத் தாண்டும்போதே அவன் காத்திருந்தான்.

ட்ரைலோ முகம் மழித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். ஒரு கோழியைப் பிடித்து அறுத்தார். சுட்ட மிளகாயில் கொஞ்சம் பூண்டும் வினிகரும் போட்டுக் கொண்டுவரச் சொல்லி வேலிக்கு மேலாக வெர்காவிடம் கேட்டார். "இது நல்லதில்ல மாமா" என்றாள் அவள். "நல்லதில்லதான். பூண்டு ஜாஸ்தியாப் போடு" என்றார் அவர்.

மத்தியானம் சாய்ந்த பிறகு கறுப்புக் கார் வந்து நின்றது. ஃப்ளோரிகா தலைக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். புருஷன் பின்கதவைத் திறந்து நாடா கட்டிய மலர்வளையத்தை இறக்கப் போனவன், பாதியில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் ட்ரைலோ நின்றிருந்தார்.

அவள் கத்தவில்லை. கிட்டே போய் அவர் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிறகு மதில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"தரையில உக்காராத, சேறு. வா, சூப் சூடா இருக்கு" என்றார் ட்ரைலோ.

"ரங்கோ எங்க?"

அவன் வேலிக்குப் பின்னால் நின்றிருந்தான். வெர்கா முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"தூக்கத்துலயான்னு கேட்டேன். ம்முன்னு சொன்ன."

"ஆமாக்கா."

"ஏன்?"

"தெரியலக்கா."

"அவன ஏன் கேக்குற?" என்றார் ட்ரைலோ. "மறுபடி கூப்பிடுறேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

ஃப்ளோரிகா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அழுதுட்டு வர்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஹங்கேரியில இருக்கன்னான்."

"அங்கருந்து இங்க வரைக்கும்? அவ்வளவு தூரமும்?"

ட்ரைலோவின் கை சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஃப்ளோரிகாவும் சாப்பிட்டாள், பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி, தலை நிமிராமல். மிளகாய் நன்றாக இருக்கிறது என்று அவள் புருஷன் ஒரு தடவை சொன்னான். யாரும் எதுவும் சொல்லாததால் மறுபடியும் சொன்னான்.

மறுநாள் காலை அவள் ரங்கோவின் பரணுக்கு ஏறி வந்தாள். பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு ட்ரைலோ. வெர்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஃப்ளோரிகா உட்காரவில்லை.

"அந்த நோட்டீஸ் வேணும். தாள்ல அடிச்சுக் குடு."

"எதுக்குக்கா?"

"அப்பா செத்தா லீவு உண்டு எங்க கம்பெனியில. தாள் காட்டணும். மேற்பார்வைக்காரிக்குப் போன் பண்ணி அழுதிருக்கேன். பாவம், அந்தம்மாவும் அழுதா. இப்ப போய் எங்கப்பா சாகலன்னு நிக்கச் சொல்றியா? போன வருஷம் நம்ம பக்கத்துக்காரி ஒருத்தி இல்லாத சாவச் சொல்லி லீவெடுத்து மாட்டினா. அன்னைக்கே வெளிய அனுப்பிட்டாங்க."

"நடந்தத நான் எழுதித் தர்றேன். என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"உன் எழுத்த அங்க யார் நம்புவா?"

"ஆனா இது பொய்யான தாள்க்கா."

"நேத்து ம்முன்னப்ப தெரியலையா அது?"

வெர்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ட்ரைலோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அடிச்சுக் குடுடா" என்றார்.

அழித்ததை மீட்டெடுப்பது பெரிய காரியமில்லை. ஒன்றிரண்டு நிமிஷத்தில் கறுப்புக் கரை திரையில் வந்து நின்றது. ட்ரைலோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே குனிந்தார். தன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மகள்னு மொட்டையா போட்டிருக்க. யாரு மகள்? ஃப்ளோரிகான்னு போடு. மருமகன் பேரு, பேரன் பேரு எல்லாம் போடு. பேரு இல்லாத நோட்டீஸ் எங்கயாவது உண்டா?"

"அப்பா, வேணாம்" என்றாள் ஃப்ளோரிகா.

"செய்றத முறையாச் செய்யட்டும். நோயின்னு போட்டிருக்கான், அத எடு. எனக்கு நோய் ஒண்ணும் கிடையாது. திடீர்னுன்னு போடு."

ரங்கோ போட்டான். முதல் தடவை கை தவறியது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தான். அச்சுப்பொறி இழுத்து இழுத்துத் தாளை வெளியே தள்ளியது. ஃப்ளோரிகா படிக்காமல் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வெர்கா இரண்டு பாட்டில் மிளகாய் விழுது கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். படியில் இறங்கும்போது அப்பாவின் தோளைத் தொட்டாள். தொட்டாளா, கைப்பை இடித்ததா என்று ரங்கோவுக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ட்ரைலோ எழுந்திருக்கவில்லை. விறகடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு ஒரு தடவதான்டா லீவு குடுப்பாங்க?"

"ஆமா மாமா. ஒரு தடவதான் குடுப்பாங்க."

"அப்ப நெசமாப் போறப்ப அவளால வர முடியாது."

"வேற லீவு கேட்டு வரும்."

"என்னன்னு கேப்பா? செத்தவன் மறுபடி செத்துட்டான்னா?"

வெர்கா சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனாள்.

"நான் போறப்ப இதுல போடாத" என்றார் ட்ரைலோ.

"ஸ்டொயாடின் அண்ணன்தான் மாமா போடுவாரு. என் கையில இல்ல."

"சாகாதவன அனுப்ப முடிஞ்ச உன்னால செத்தவன நிறுத்த முடியாதா?"

"முடியும்."

"கம்பத்துல ஒட்டட்டும். இங்க இருக்கிறவங்க வந்து புதைக்கட்டும். காலையில எந்திரிச்சு போனப் பாத்துட்டு, வரவும் முடியாம, வாளியத் தூக்கிட்டு வேலைக்கும் போக முடியாம அவ நிக்க வேணாம். தெரியாமயே இருக்கட்டும்."

யாராவது போன் செய்து சொல்லத்தான் போகிறார்கள். தச்சன் மச்சினி ஒருத்தி போதும். அது இரண்டு பேருக்கும் தெரியும். ரங்கோ கணினிப் பக்கம் திரும்பி நாலைந்து வரிகள் எழுதினான். இந்தப் பெயரில் அறிவிப்பு வந்தால் தளத்தில் ஏற்ற வேண்டாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம், நிறுத்திவை. ட்ரைலோ அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

"சோதிச்சுப் பாத்தியா, நிக்குதான்னு?"

சோதிக்க வேண்டுமென்றால் அந்தப் பெயரை மறுபடி எழுத வேண்டும். படத்தைப் போட வேண்டும். எழுதி, வெளியிடு என்பதை அழுத்த வேண்டும். ரங்கோ விசைப்பலகைமேல் கையை வைத்தான். எடுத்தான்.

"பாத்துட்டேன். நிக்குது" என்றான்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு ட்ரைலோ சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருக்குத் தேனீக்களுக்குப் பாகு வைக்கிற வேலை இருந்தது.